பூசணத்தார்

அந்த நாற்காலி சென்னியப்பனுக்கு ஆகவே இல்லை. இரும்புத் தகட்டில் ஓட்டை ஓட்டையாகப் போட்டு, நாலைந்து நாற்காலிகளை ஒரே கம்பியில் கோத்துத் தரையோடு முடுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறவன் காலை ஆட்டினால் இந்தக் கோடியில் இருக்கிறவனின் இடுப்பெலும்பு வரைக்கும் ஆடியது. ஆட்டிக்கொண்டிருந்தவன் போனில் எதையோ பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டும் இருந்தான். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து சிரிக்கிறவனை என்ன சொல்ல. காலை நிறுத்து தம்பி என்று சொல்லலாம். சொன்னால் நிறுத்திவிடுவான், அப்புறம் அவன் மேல் கோபப்பட ஒன்றும் இருக்காது, இருக்கிற கோபமெல்லாம் வேறு எங்காவது போய்த்தான் உட்காரும். அதனால் சென்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டத்தோடு ஆடிக்கொண்டிருந்தார். குளிர்காற்று நேராக மண்டையில் இறங்கியது. துண்டைத் தலையில் சுற்றலாம் என்றால் பாவாத்தாள் எடுங்க என்பாள், இது என்ன சந்தையா என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய துண்டு எங்கே இருக்க வேண்டும் என்பதை அவள்தான் முடிவு செய்கிறாள். இங்கே வந்ததே அவளால்தான். நேற்று மத்தியானம் கொப்பரைக் களத்திலிருந்து திரும்பிய மனுசனைக் கைகால் கழுவக்கூட விடாமல் பையோடு நடையில் நின்றாள். “நான் போறனுங். நீங்க வந்தா வாங்க, வராட்டி உட்டுருங்” என்றாள். வாங்க என்று ஒருதரம் கெஞ்சியிருந்தால் மாட்டேன் என்றிருப்பார். வராட்டி உட்டுருங் என்கிறவளிடம் எதை மாட்டேன் என்பது. சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போய்க் காரில் ஏறினார். காங்கேயத்திலிருந்து கோயமுத்தூர் வரைக்கும் வாய் திறக்கவில்லை. திறந்தால் சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். சமாதானம் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கிடக்கிறவன் அவளுடைய தம்பி கிட்டுசாமி. இவருக்கு மாப்பிள்ளை முறை. அவனை மாப்ள என்று இந்த வாய் கூப்பிட்டு எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. இன்றைக்கும் கூப்பிடப் போவதில்லை. வந்திருக்கிறோம், அவ்வளவுதான். வந்து இந்த ஓட்டை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். அதற்குமேல் ஒரு மனுசன் என்ன செய்வான்.

இதில் கொடுமை, அந்த வார்த்தையைச் சொன்னது டாக்டரம்மா. காலையில் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். இவர் மகளைவிடச் சின்னவள், கண்ணுக்குக் கீழே கறுப்பு, கழுத்தில் குழாயை மாலை மாதிரி போட்டிருந்தாள். கிட்டுசாமியோட சொந்தக்காரங்க யாரு என்றாள். கிட்டுவின் பெண்டாட்டி சரசா எழுந்தாள், பாவாத்தாள் எழுந்தாள், இவரும் எழ வேண்டியதாயிற்று. காய்ச்சல் இறங்காததால் ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்த்தோம், அதில் பூஞ்சை வந்திருக்கிறது என்றாள். “பூஞ்சைன்னா என்னங்” என்று சரசா கேட்டாள். “பூசணம்தாம்மா. ஊறுகாயில, ஈரச் சுவத்துல பிடிக்கும்ல, அந்த ஜாதி. அது அவரு ரத்தத்துல கலந்திருக்கு” என்றாள் டாக்டரம்மா. சரசா தரையைப் பார்த்தாள். பாவாத்தாள் தன் முந்தானை நுனியைப் பார்த்தாள். இத்தனை வருசமாக இரண்டு வீட்டிலும் இவர் காதுபட யாரும் உச்சரிக்காத வார்த்தை. தேங்காய் மூடியில் பிடித்திருந்தால்கூடக் கெட்டுப்போச்சு என்றுதான் பாவாத்தாள் சொல்வாள். அதை நேற்றுப் பிறந்த பிள்ளை ஒன்று நட்ட நடு ஆஸ்பத்திரியில் போட்டு உடைத்துவிட்டது. அந்த நேரத்தில் சென்னியப்பனுக்கு நெஞ்சுக்குள் என்னவோ குதித்தது. சந்தோசம் இல்லை. சந்தோசம் என்று யாராவது சொன்னால் அவர் சண்டைக்குப் போவார். ஆனால் குதித்தது. அந்த வார்த்தை அவர் மேல் ஒட்டியது ஒரு மழையில்தான். அது ஐப்பசி மழைகூட இல்லை, பங்குனி மழை. பங்குனியில் மழை வரும் என்று எவன் நினைப்பான். களம் நிறைய உடைத்த தேங்காய் மல்லாந்து காய்ந்துகொண்டிருந்தது. மேற்கே கறுத்ததும் ஆளாளுக்கு ஓடி வாரிக் குவித்துப் படுதாவை இழுத்து மூடினார்கள். நாலு மூலைக்கும் கல் வைத்தார்கள். வடக்கு மூலைக்கு வைத்தது சென்னியப்பன். வைத்தார். ஹாலோ பிளாக் கல், ஒரு பக்கம் மூக்கு உடைந்தது, இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. வைத்தார், அது நிச்சயம். மழை விட்டு விட்டு அடித்ததில் படுதாவை எடுக்க வழியில்லாமல் கிடந்தது. எடுத்தபோது வடக்கு மூலை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. தண்ணீர் புகுந்து, அடியில் ஊறி, புழுங்கி, குவியல் முழுக்கப் பச்சையும் கறுப்பும், நடுநடுவே வெள்ளை மயிர் மயிராக. அந்த வாடை. களத்து முதலாளி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு இது எவன் மூலை என்றார். அப்போது, படுதாவை மடித்துக்கொண்டிருந்த கிட்டு, நிமிராமல், சிரித்துக்கொண்டு சொன்னான்: “நம்ம பூசணத்தாரக் கேளுங்.” முதலாளியே சிரித்துவிட்டார். களமே சிரித்தது. முதலாளி கோபத்தை அடக்கத்தான் அவன் அப்படிச் சொன்னான் என்று பாவாத்தாள் பிற்பாடு சொல்வாள். கோபம் அடங்கியது, பேர் அடங்கவில்லை. லோடு ஏற்றுகிற இடத்தில் பூசணத்தார். சந்தையில் பூசணத்தார். சைக்கிளில் போனால் முதுகுக்குப் பின்னால் பூசணத்தார். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் டீக்கடையில் வழி கேட்டதற்கு, சென்னியப்பன்னு யாரும் இல்லீங்களே, ஓ, பூசணத்தார் வீடுங்களா என்று கடைக்காரன் கேட்க, வந்தவர்கள் வீட்டில் கால் வைத்ததிலிருந்து பலகாரத்தை வாயில் வைக்கும்போதெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களே, அன்றைக்குத்தான் கிட்டுவோடு பேச்சை விட்டார். கிட்டு அன்றைக்கும் வந்திருந்தான், தாய்மாமன் என்று முன்னால் உட்கார்ந்து கூடச் சேர்ந்து சிரித்தான். அத்தோடு சரி. அவன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போகவில்லை. மாமியார் செத்ததற்குப் போனார், பந்தலில் அந்தக் கோடியில் நின்று அப்படியே திரும்பிவிட்டார். அந்தக் கல்லை எடுத்தது அவன்தான். உட்கார்ந்து பீடி குடிக்க எடுத்திருப்பான். எடுத்தவன் அவன், பேர் இவருக்கு.

அதற்கெல்லாம் சேர்த்து ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று எத்தனை நாள் யோசித்திருப்பார். குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பார். தேங்காயில் சிரட்டைத் தொட்டி வேறு பருப்பு வேறாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு குத்துக்கும் ஒரு பதில் கிடைக்கும், எதுவும் போதாது, எல்லாம் சப்பென்று இருக்கும். இப்போது அந்தப் பதிலைக் கடவுளே எழுதித் தட்டில் வைத்து நீட்டுகிறார், ஊருக்கெல்லாம் பூசணம் என்று பேர் வைத்தவன் ரத்தத்திலேயே பூசணம். இதைவிடப் பொருத்தமாக ஒரு பதில் இந்த ஜென்மத்தில் கிடைக்காது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய. உயிர் போய்க்கொண்டிருக்கிறவனிடம் போய் அதைச் சொல்கிறவன் மனுசனா. இத்தனை வருசம் கழித்து வந்த பதில் சொல்ல முடியாத பதிலாக வர வேண்டுமா. இதிலும் அவன் முந்திக்கொண்டான். எப்போதும் அவன்தான் முந்துவான். சென்னியப்பன் துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டார். காலையிலேயே டாக்டரம்மாவிடம் கேட்டுப் பார்த்தார், எங்கிருந்துங்கம்மா வந்துச்சு என்று. வெளியிலிருந்து வரணும்னு இல்லீங்கய்யா என்றாள் அவள். நம்ம எல்லார் குடல்லயும் வாயிலயும் தோல்லயும் அது சும்மா இருக்கும், ஒண்ணும் பண்ணாது. இவருக்குச் சர்க்கரை இருக்கு, குடல்ல ஓட்டை விழுந்து ஆபரேசன் ஆச்சு, சீழ் பரவாம இருக்க மருந்த மாத்தி மாத்திக் கடுமையாக் கொடுத்தோம், அதுல கெட்ட கிருமியோட நல்ல கிருமியும் செத்துப்போகும், பூஞ்சைக்கு இடம் காலியாயிரும். வாய் வழியாச் சாப்பாடு கொடுக்க முடியலன்னு கழுத்து நரம்புல ஒரு குழாய் போட்டு அது வழியாச் சத்து ஏத்துனோம். அந்தக் குழாயில போய் அது ஒட்டிக்கும். “அந்தக் குழாயப் போட்டது யாருங்” என்றார் சென்னியப்பன். “நாங்கதான்.” “அப்ப அதப் போட்டிருக்கக் கூடாதல்லங்.” “போடலன்னா அப்பவே போயிருப்பாருங்கய்யா.” “அப்பத் தப்பு யாரு மேலங்.” பாவாத்தாள் அவர் முழங்கையைக் கிள்ளினாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, “ஒருத்தர் மேலயும் இல்லீங்கய்யா, சில நேரம் அப்படி ஆயிரும்” என்றாள். இது என்ன பேச்சு. ஒருத்தர் மேலயும் இல்லாமல் எப்படி ஒன்று கெடும். படுதா தானாகவா திறந்துகொள்ளும். எவனோ ஒருத்தன் ஒரு மூலையைத் திறந்துதானே வைத்திருக்க வேண்டும். குழாயை நேற்றே எடுத்துவிட்டோம், கையில் வேறு ஊசி போட்டுப் பூஞ்சைக்கான மருந்து போகிறது, தினமும் ரத்தம் எடுத்துப் பார்ப்போம், ரத்தம் சுத்தமான நாளிலிருந்து இன்னும் இரண்டு வாரம் மருந்து ஓட வேண்டும், கண்ணுக்குள் போய் உட்காரும், இருதயத்தில் போய் உட்காரும், அதையும் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். சரசா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். சென்னியப்பன் ஆட்டவில்லை. அவருக்குத் தெரியும். கொப்பரையில் மேலாகப் பிடித்திருந்தால் துடைத்து வெயிலில் போட்டு எண்ணெய்க்குத் தள்ளிவிடலாம். பருப்புக்குள் இறங்கிவிட்டால் கதை முடிந்தது, பிளந்து பார்த்தால் நடுவில் கோடு கோடாக ஓடியிருக்கும், மொத்தமும் குப்பைக்கு. சட்டியில் கந்தகத்தைக் கொளுத்திப் புகை போடுகிறோமே, தொண்டையைப் பிடுங்குகிற புகை, அதுகூடக் கெடாமல் இருக்கத்தான், கெட்டதைத் திருப்புவதற்கு இல்லை. கெட்டதைத் திருப்புகிற புகை எங்கேயும் கிடையாது. ரத்தம் என்றால் உடம்பு முழுக்க. மூலை முடுக்கு மிச்சமில்லாமல். எதைத் துடைப்பாள் இவள். மருந்து இருக்கிறது என்றது பொம்பளைகள் அழாமல் இருக்கச் சொன்ன வார்த்தை. ஆக, கிட்டு போகப் போகிறான். பல்லைக் கடித்தார். அந்தக் கோடிக்காரன் இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

பார்க்கிற நேரம் என்று மணியடித்து ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். சரசா போய்விட்டு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். பாவாத்தாள் போனாள். போனவள் சீக்கிரமாகவே திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது. அவர் பக்கத்தில் உட்காராமல் எதிரே நின்றாள். “ஊட்டுக்குக் கொண்டு போயிருங்கங்கறானுங். இந்த மருந்தெல்லாம் வேண்டாமுங்கறான். கையில இருக்கற ஊசியப் புடுங்கப் பாக்கறான், நர்சு வந்து கையப் புடிச்சுக்கிட்டா.” “அது சரி, ஏனாமா.” அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். “நேத்து வரைக்கும் நல்லாத்தான் பேசிட்டிருந்தான்னு சரசா சொல்றாளே. காலையில நீ போய்ப் பாத்தப்பக்கூட டீ வேணும்னு கேட்டான்னியே.” “காலையிலதானுங் சொன்னேன்.” “என்னத்தச் சொன்ன.” “நீங்க வந்திருக்கீங்கன்னு. சந்தோசப்படுவான்னு நெனச்சேன்.” சென்னியப்பன் அவளைப் பார்த்தார். மெல்ல மெல்லத்தான் புரிந்தது, புரியப் புரியக் காதுமடல் சுட்டது. மாமனார் சாகக் கிடந்தபோது இவரும் கிட்டுவும்தான் கட்டில் தலைமாட்டில் நின்றார்கள். வாய்க்கால் தகராறில் மாமனாரோடு பேச்சு விட்ட அவருடைய அண்ணன்காரர், காலமெல்லாம் எதிரெதிரே வந்தால் ரோட்டைத் தாண்டிப் போகிறவர், அன்றைக்கு டம்ளரில் பாலோடு நிலைப்படி தாண்டி வந்தார். மாமனார் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். அப்ப அவ்வளவுதானா என்றார். சுவர்ப்பக்கம் திரும்பினார். அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், பேச்சு விட்டவன் படுக்கையண்டை வந்தால் எதற்கு வந்திருக்கிறான் என்று படுத்திருக்கிறவனுக்குத் தெரியும். டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிட்டுவுக்கும் தெரிந்துவிட்டது. வராமல் இருந்திருந்தால் கல்நெஞ்சுக்காரன் என்பார்கள், அக்கா புருசன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று எட்டூருக்குச் சொல்வார்கள். வந்தால் எமன். முதுகெலும்பு நோக இத்தனை தூரம் வந்து, குளிரில் விறைத்து, அந்தக் கேண்டீன் இட்லியைத் தின்று, கடைசியில் எமன். ஒரு மனுசன் எந்தப் பக்கம்தான் திரும்புவான். “அப்ப நான் கெளம்பறேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருன்னு அவங்கிட்டச் சொல்லு” என்று எழுந்தார். “சொன்னா நம்ப மாட்டானுங். சமாதானத்துக்குச் சொல்றன்னு நெனச்சுக்குவான்.” சரசா சுவரோரமாக நின்றபடியே, “அவிய ஆசப்படறபடி கூட்டிட்டுப் போயிரலாமுங்க அண்ணா. உசுரு ஊட்டுல போகட்டும்” என்றாள். அண்ணா என்றாள். அவளும் கூப்பிட்டு எவ்வளவோ நாளாயிற்று. எல்லோரும் சேர்ந்துகொண்டு சமாதானமாகிறார்கள், அவன் ஒருத்தனைச் சாகவிட்டுவிட்டு.

டாக்டரம்மா வந்தாள். கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சரசா சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. சத்தம் போடவில்லை, ஆனால் அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. சென்னியப்பனுக்கு அடக்கிக்கொள்கிறவர்களை அடையாளம் தெரியும். “மருந்து கேக்குதும்மா. காய்ச்சல் எறங்க ஆரம்பிச்சிருக்கு. இப்பக் கூட்டிட்டுப் போனீங்கன்னா மறுபடி கூட்டிட்டு வரமாட்டீங்க, அவ்வளவுதான் நான் சொல்லுவேன்.” சென்னியப்பன் குறுக்கே புகுந்தார். “உள்ள எறங்கின பூசணம் போகுங்களா.” அந்த வார்த்தையை அவரே சொல்லிவிட்டார். பாவாத்தாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும். “எல்லாருக்கும் போகும்னு சொல்ல மாட்டேங்கய்யா. நெறையப் பேர் எறந்திருக்காங்க. இவருக்குச் சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டோம், குழாயையும் எடுத்துட்டோம். போகறதுக்கு வாய்ப்பு இருக்கு. அவரு இங்க இருக்கணும். இருக்கேன்னு அவரு ஒத்துக்கணும்.” போகலாம் என்றாள். போகாமலும் இருக்கலாம் என்றாள். பொய் சொல்கிறவர்கள் கட்டாயம் போயிரும் என்பார்கள். இவள் சொல்லவில்லை. கொப்பரை கிடக்கிற பொருள். கிடக்கிற இடத்திலேயே கிடந்து நாறும். ரத்தம் ஓடுகிற பொருள், ஓடுவதற்குள் மருந்தை விட்டால் அதுவும் கூடவே ஓடும். அப்படியும் இருக்குமோ. இருக்கும். இருந்தால், கிட்டு இப்போது சாவது பூசணத்தால் இல்லை. இந்த நாற்காலியில் ஒருத்தன் உட்கார்ந்திருப்பதால். வடக்கு மூலைக்குக் கல் வைத்தவன் வந்து உட்கார்ந்திருப்பதால். வைத்தார். மூக்கு உடைந்த கல். ஈரக் கையோடு தூக்கினார், உள்ளங்கையில் சிராய்த்தது, சிராய்த்ததுகூட ஞாபகம் இருக்கிறது. எந்த மூலையில் இறக்கினோம் என்பதுதான், இறக்கும்போது மழை கண்ணை மறைத்தது, வடக்கு மூலைதான், வேறு எங்கே இறக்குவார். நாளைக்கு அவன் போய்விட்டால் இதை யாரிடம் கேட்பது. களத்தில் அன்றைக்கு இருந்தவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், முதலாளியும் இல்லை. அந்தக் கல்லைப் பற்றித் தெரிந்தவன் உலகத்திலேயே இவன் ஒருத்தன்தான் மிச்சம். அவனும் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டால் சென்னியப்பன் சாகிற வரைக்கும் பூசணத்தார்தான். “நான் உள்ள போறேன்” என்றார். பாவாத்தாள் கையைப் பிடித்தாள். “வேண்டாமுங். நேர்ல பாத்தா இன்னும்…” “கைய உடு” என்றார்.

வாசலில் நீலச் சட்டை ஒன்றைப் போட்டு முதுகுப்பக்கம் முடிந்துவிட்டார்கள். கையில் எதையோ பீய்ச்சித் தேய்க்கச் சொன்னார்கள், சாராய வாடை அடித்தது. உள்ளே இன்னும் குளிர். மெசின்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தாளத்தில் கூவின. வரிசையாகக் கட்டில்கள், அதில் மனுசர்கள் இருக்கிறார்களா என்று கிட்டே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தது கிட்டு என்று நர்சு கைகாட்டியிருக்காவிட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது. படுதாவை ஒற்றை ஆளாக இழுக்கிறவன். ஒரு மூட்டையைத் தோளிலும் இன்னொன்றைப் பேச்சிலும் தூக்குகிறவன். தொட்டியிலிருந்து காய்ந்து கழன்ற பருப்பு மாதிரி படுக்கையோடு ஒட்டாமல் கிடந்தான். கழுத்தில், குழாய் இருந்த இடத்தில், வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. இடது கையில் ஊசி, மேலே தொங்குகிற பாட்டில், பக்கத்தில் சொட்டை எண்ணுகிற பெட்டி. கண்கள் திறந்திருந்தன. அவை வாசலிலிருந்தே அவரைப் பார்த்துக்கொண்டு வந்தன. அந்தக் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்ததும் சென்னியப்பன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“வந்துட்டீங்களா மச்சான்” என்றான் கிட்டு. தேங்காய் நாரைத் தேய்க்கிற மாதிரி குரல். “அப்ப அவ்வளவுதானுங்களா.”

ஒண்ணும் ஆகாது மாப்ள. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே கண்ணிலும் என்னவோ வந்தது. கை தானாக நகர்ந்து அவன் காலைத் தொடப் போயிற்று. தொட்டால் தீர்ந்தான். பாலோடு வந்தவரும் அன்றைக்கு அதைத்தான் சொன்னார், ஒண்ணும் ஆகாது என்று, காலைத் தொட்டுக்கொண்டு. சென்னியப்பன் கையை இழுத்து மறுபடி கம்பியைப் பிடித்தார், கம்பியே உடைகிற மாதிரி.

“என்ன அவ்வளவுதான். நான் ஒண்ணும் உன்னப் பாக்க வரல. ஊருக்கே பூசணம்னு பேர் வெச்சவனுக்கு ரத்தத்துலயே பூசணம் புடிச்சிருக்குதுன்னாங்க. அது எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

அடுத்த கட்டிலில் நின்ற நர்சு திரும்பிப் பார்த்தாள். கிட்டு அசையவில்லை. சொல்லியாயிற்று. எத்தனையோ வருசத்துப் பதில், வெளியே வந்து அந்தக் குளிரில் நிற்கிறது, திருப்பி எடுக்க முடியாது. கொன்றுவிட்டோமோ என்று நினைத்தார். கிட்டுவின் உதட்டோரத்தில் காய்ந்த தோல் ஒன்று விரிந்தது.

“பாத்தாச்சல்ல” என்றான். “காலையில கண் டாக்டர் வந்து லைட் அடிச்சுப் பாத்தாரு. கண்ணு நல்லாருக்குன்னுட்டுப் போனாரு. அப்பவே நெனச்சேன், ஆகாதது எதையோ பாக்கப் போறேன்னு.”

“வடக்கு மூலைக் கல்ல எதுக்குடா எடுத்த.”

“எந்தக் கல்லு.”

“ஹாலோ பிளாக்கு. மூக்கு ஒடஞ்சது.”

கிட்டு கண்ணை மூடினான். பெட்டி சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் குனிந்து அவன் மார்பு ஏறுகிறதா என்று பார்த்தார். ஏறியது. கண்ணைத் திறந்தபோது பயம் இருந்த இடத்தில் வேறு ஒன்று இருந்தது, களத்தில் முதலாளிக்கு முன்னால் இருந்த அதே சிரிப்பு.

“அது வடக்கு மூலையில இல்ல. தெக்கு மூலையில, என்ற மூலையில இருந்துச்சு. அதுமேலதான் நான் உக்காந்திருந்தேன். உங்க மூலையில நீங்க ஒண்ணும் வெக்கல.”

“வெச்சேன்.”

“வெக்கல.”

“வெச்சேன்டா. கையில சிராய்ச்சது.”

“சிராய்ச்சா வெச்சதாகிப் போகுமா. வெக்கல மச்சான். நான் பாத்தேன்.”

“சாகப் போற நேரத்துல பொய் சொல்லாதடா.”

“ஆரு சாகப் போறா” என்றான் கிட்டுசாமி.

நர்சு வந்துவிட்டாள். ஐயா, இங்க இப்படிச் சத்தம் போடக் கூடாது, நேரம் ஆச்சு, கிளம்புங்க என்றாள். சென்னியப்பன் நகராமல் நின்றார். நர்சு அவர் தோளைத் தொட்டுத் திருப்பினாள். கதவுக்கு வந்தபோது பின்னால் அந்த நார்க் குரல் கேட்டது. “சிஸ்டர், நாளைக்கும் இந்தாள உள்ள உடுங்க. பேச்சு முடியல.”

நீலச் சட்டையை அவிழ்த்து வாளியில் எறிந்தார். பாவாத்தாளும் சரசாவும் ஓடி வந்தார்கள். “என்னங் சொன்னான்” என்றாள் பாவாத்தாள். “வெக்கலயாம்” என்றார். “என்னத்தங்.” “கல்ல.” அவள் ஒன்றும் புரியாமல் விழித்தாள். “ஊட்டுக்குப் போறதப்பத்தி?” “அதப்பத்தி ஒண்ணும் பேசல.” சரசா கண்ணாடிக் கதவின் வழியாக எட்டிப் பார்த்தாள், கைய யாரும் புடிக்காமத்தான் படுத்திருக்காரு, ஊசியப் புடுங்கல என்றாள், பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சென்னியப்பன் அதே நாற்காலியில் போய் விழுந்தார். வைக்கவில்லையாம். பார்த்தானாம். கொட்டுகிற மழையில், படுதாவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு எப்படிடா பார்த்தாய் என்று கேட்டிருக்க வேண்டும். அது அங்கே தோன்றவில்லை, இங்கே வந்து உட்கார்ந்த பிறகு தோன்றுகிறது. எப்போதும் இப்படித்தான். நாளைக்குக் கேட்க வேண்டும். மறக்காமல் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும், வந்தவுடன், கையைத் தேய்த்தவுடன். அதற்கு அவன் ஒன்று சொல்வான். சொல்லட்டும், அதற்கும் ஒன்று வைத்திருக்க வேண்டும். இரண்டு வாரம் மருந்து ஓட வேண்டும் என்கிறாள் அந்தப் பிள்ளை, இரண்டு வாரத்துக்கும் வைத்திருக்க வேண்டும். வைத்தார். மூக்கு உடைந்த கல், ஈரக் கை, வடக்கு மூலை.

“ஐயா” என்று அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. போன்காரன் போனை இறக்கிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். “கொஞ்சம் காலை ஆட்டாம இருங்களேன். இங்க வரைக்கும் ஆடுது.”